வன்னியில் இருந்து சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு: எந்தக் காகிதம் முதலில், எது கடைசியில்

உள்ளகப் பயிற்சி முடித்து, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ நியமனம் கிடைத்து, நிபுணத்துவப் பட்டமான எம்.டி. செய்யவேண்டும், அப்புறம் வெளிநாட்டுப் போதனா வைத்தியசாலை ஒன்றில் பயிற்சி எடுத்துத் திரும்பவேண்டும் என்று நினைத்திருக்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொது மருத்துவத்தில் அந்த வழியால் போய் வந்தவன் நான். படிப்பு கடினம்தான், ஆனால் படிப்பைச் சொல்லித்தர ஆட்கள் உண்டு. காகித வேலையைச் சொல்லித்தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

இலங்கை மருத்துவ சபையின் குட் ஸ்டாண்டிங் சான்றிதழை, அதாவது தொழில் நன்னடத்தைச் சான்றிதழை, அவசரப்பட்டு முதலில் எடுத்தேன். மூன்று மாதம் கடந்து அது உதவாமல் போனபோது, ஆவணங்களில் என் பெயர் வெவ்வேறாக இருந்த பிரச்சினையே தீர்ந்திருக்கவில்லை. திரும்ப எடுக்க இன்னொரு இரவு பஸ், இன்னொரு லீவு, இன்னொரு கட்டணம். அந்த இடைவெளியில் எனக்கு என்று வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆகவே இதை முதலில் மனதில் வையுங்கள். காலாவதியாகாத காகிதங்களை இந்த மாதமே எடுக்கத் தொடங்குங்கள். காலாவதியாகும் காகிதங்களை உரிய நேரம் வரும்வரை தொடவேண்டாம். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் இதை வைத்துத்தான்.

1. பெயரை ஒன்றாக்குங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, எம்.பி.பி.எஸ். பட்டச் சான்றிதழ், மருத்துவ சபைப் பதிவு, கடவுச்சீட்டு. இந்த ஆறையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆங்கிலப் பெயரை ஒரு வெள்ளைத்தாளில் எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். மனதில் இருக்கும் பெயரை எழுதவேண்டாம், கடதாசியில் இருப்பதை எழுதுங்கள். எனக்கு நாலு விதமாக வந்தது. அப்பாவின் பெயரில் ‘டி’க்குப் பிறகு ஒரு ‘எச்’ பட்டச் சான்றிதழில் இருந்தது, கடவுச்சீட்டில் இல்லை. அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது, மருத்துவ சபைப் பதிவில் முதலெழுத்து மட்டும்.

எங்கள் பெயர்களுக்கு இது வரத்தான் செய்யும். நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை, தந்தையின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி என்று கேட்கும். கடவுச்சீட்டில் எது எந்த இடத்தில் இருக்கிறதோ, இனி எல்லாப் படிவத்திலும் அதையே போடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரைச் சேர்த்த தங்கைமார், திருமணச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கோவையில் சேர்த்து வையுங்கள்.

வேறுபாடு இருந்தால், சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஓரிடத்தில் அதை ஏற்கவில்லை. சான்றிதழைத் தந்த நிறுவனமே ‘இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது’ என்று தன் கடிதத்தாளில் எழுதித் தரவேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். அதற்கு முடிவுத் திகதி இல்லை. சத்தியக்கடதாசி துணைக்கு இருக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி 2009 இடம்பெயர்வில் தொலைந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். என் வீட்டில் மிஞ்சியது அம்மா சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்த ஒரே ஒரு போட்டோப் பிரதி. பதிவு நடந்த பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். போகும்போது பதிவு இலக்கம் தெரிந்தால் வேலை சுலபம், அந்தப் பழைய போட்டோப் பிரதியில் எனக்கு உதவியது அந்த இலக்கம்தான். ஒன்று கேட்கப் போகிற இடத்தில் மூன்று பிரதி எடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆவணங்களை அத்தாட்சிப்படுத்த வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் இருக்கிறது. இது தெரியாமல் இரண்டு தடவை கொழும்பு போய் வந்தேன்.

2. புரொஸ்பெக்டஸை வாசித்து நாட்களை எண்ணுங்கள்

நம் நாட்டில் நிபுணத்துவப் பயிற்சிக்கான வாசல் ஒன்றுதான்: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், நாம் சொல்லும் பி.ஜி.ஐ.எம். ஒவ்வொரு பாடநெறிக்கும் விதிகளைச் சொல்லும் ஒரு புரொஸ்பெக்டஸ் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. சீனியர் சொன்னார், பட்ச் வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்று நம்பி இருக்காதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், சீனியர் சொல்வது அவருடைய வருடத்து விதி.

எம்.டி. மருத்துவத்துக்கு மருத்துவ சபையின் முழுப் பதிவும், உள்ளகப் பயிற்சிக்குப் பிறகு இலங்கையில் ஒரு வருட வேலையும் தேவை. அந்த ஒரு வருடம் எந்தத் திகதிக்குள் நிறைய வேண்டும் என்பதைத்தான் கவனமாகப் பார்க்கவேண்டும். நியமனம் வந்த நாளையும் வேலை பொறுப்பேற்ற நாளையும் குழப்பிக்கொண்டு, சில நாள் குறைந்து ஒரு தடவையைத் தவறவிட்டவர்கள் உண்டு. பொறுப்பேற்ற நாளின் கடிதத்தை அன்றே பிரதி எடுத்து வையுங்கள். சம்பளமில்லா லீவு எடுத்திருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

விண்ணப்ப முடிவுத் திகதியில் இரக்கம் கிடையாது. கடைசி நாளுக்கு ஒரு கிழமை முன்னரே அனுப்பி, பணம் கட்டிய பற்றுச்சீட்டைச் சேமித்து வையுங்கள்.

3. வன்னியில் இருக்கும்போதே கேஸ்களை எழுதி வையுங்கள்

இதைப் பலர் காகித வேலையாக நினைப்பதில்லை. எனக்குப் பின்னாளில் அதிகம் கைகொடுத்தது இதுதான்.

கொழும்பில் படிக்கும் நண்பர்கள் புத்தகத்தில் பார்ப்பதை நீங்கள் வாட்டில் பார்க்கிறீர்கள். கண்ணாடிப் புடையன் கடித்து வயலில் இருந்து நேரே வருபவர், மஞ்சள் அலரி விதை அரைத்துக் குடித்த பிள்ளை, காரணம் தெரியாத சிறுநீரக நோயுடன் வவுனியாப் பக்கத்தில் இருந்து வரும் கமக்காரர். ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி வாங்குங்கள். வயது, பால், திகதி, என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது. நோயாளியின் பெயரையோ கட்டில் அட்டை இலக்கத்தையோ எழுதவேண்டாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றின் நேர்முகத்தில், வசதி குறைந்த இடத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்றார்கள். அந்தக் கொப்பியில் இருந்த ஒரு இரவைச் சொன்னேன். மாரி மழை, பின்னேரம் வரம்பில் கடி வாங்கியவர் இரவு பத்து மணிக்கு வருகிறார். ஆய்வுகூடத்தில் அந்த நேரம் இரத்த உறைவுப் பரிசோதனை செய்ய ஆள் இல்லை. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தேன். சரித்துப் பார்த்தபோது இரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது, விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே விஷமுறி ஏற்றத் தீர்மானித்தேன். ஏற்றும் முன் ஒவ்வாமையைக் குறைக்க 0.25 மில்லிகிராம் அட்ரினலின் தோலுக்குக் கீழே கொடுத்தேன். பிளாஸ்டிக் குழாயோ சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் சோதனை பிழைக்கும் என்பதால் புதிய குழாய்களைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தோம் என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்வி எல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

‘பாம்புக்கடி நிறையப் பார்த்திருக்கிறேன்’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் அந்த உரையாடல் நடந்திருக்காது. திகதியும் அளவும் நினைவில் நிற்க எழுத்து வேண்டும்.

கூடவே ஒரு சிறிய ஓடிட், அதாவது உங்கள் வாட்டின் வேலையை அளந்து பார்க்கும் கணக்கெடுப்பு, செய்யுங்கள். மாரடைப்புடன் வாசலுக்கு வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட எத்தனை நிமிடம் ஆகிறது என்று மூன்று மாதம் எண்ணினால் போதும். அதை அளந்து, ஒன்றைத் திருத்தி, திரும்ப அளந்திருந்தால் சுயவிபரக்கோவையில் அது பெரிய பலம். ஆய்வாக வெளியிட நினைத்தால் தரவு சேர்க்கத் தொடங்கும் முன்னர் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது. சேர்த்து முடித்தபின் அனுமதி கேட்டால் கிடைக்காது.

4. தேர்வும் விடுவிப்பும்

எம்.டி. பயிற்சிக்கான தெரிவுத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்று: கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் போய் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே தேர்வு மண்டபத்துக்குள் போகவேண்டாம். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் ஒரு அறை எடுங்கள். இரண்டு இரவு வாடகை போனாலும் பரவாயில்லை.

தேர்வில் தேறியபின் உங்களை வன்னியில் இருந்து விடுவிக்கவேண்டும். மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ், போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். ஆகவே கடிதம் வைத்திய அத்தியட்சகர், பிராந்தியப் பணிப்பாளர், மாகாணப் பணிப்பாளர், அமைச்சு என்று படி ஏறும். நான் வேலை செய்த ஓரிடத்தில் என் கடிதம் மூன்று கிழமை ஒரு கோவைக்குள் அப்படியே கிடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அதைத் தூக்கி அடுத்த மேசைக்குக் கொடுக்க ஆள் இருக்கவில்லை. கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் இலக்கமும் வாங்குங்கள். ஐந்து வேலைநாள் கழித்து அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

சிங்களத்தில் மட்டும் கடிதமோ படிவமோ வந்தால் தமிழ்ப் பிரதி கேட்கத் தயங்கவேண்டாம், தமிழும் அரசகரும மொழி. விளங்காத ஒன்றில் கையொப்பம் போடவே வேண்டாம்.

நீங்கள் போனால் உங்கள் வாட்டின் இரவுப் பணி யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். விடுவிக்கும் திகதி தெரிந்த உடனேயே அத்தியட்சகரிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். பதில் ஆள் வருவதற்கு அந்த ஒரு மாதம் பெரிய உதவி.

5. வெளிநாட்டு இடம்: போர்டின் ஒப்புதல் முதலில்

தெரிவானபின் ஒழுங்கு இது: ரெஜிஸ்ட்ரார் என்ற பயிற்சி மருத்துவர் காலம், எம்.டி. இறுதித் தேர்வு, அப்புறம் சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி அந்தக் காலத்தில்தான். பொது மருத்துவத்தில் இருந்து இதயவியல், நரம்பியல் போன்ற உப துறைகளுக்குப் போக எம்.டி. இறுதித் தேர்வின் தர வரிசைதான் தீர்மானிக்கும். ஆகவே அந்தத் தேர்வில் ‘பாஸ் ஆனால் காணும்’ என்று எண்ணவேண்டாம்.

வெளிநாட்டு இடத்தை நீங்களேதான் தேடவேண்டிவரும். இங்கே பெரிய பொறி இதுதான்: இடம் கிடைத்த மகிழ்ச்சியில் ஒப்புக்கொண்டு போய், பிறகு பி.ஜி.ஐ.எம். கற்கைச் சபை (நாம் சொல்லும் போர்ட்) அந்த இடத்தையோ மேற்பார்வையாளரையோ ஏற்காவிட்டால், அங்கே செய்த காலம் கணக்கில் வராமல் போகலாம். வைத்தியசாலை, மேற்பார்வையாளரின் விபரம், வேலை ஒப்பந்தம் மூன்றையும் சபைக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வந்தபின் மற்றதைத் தொடங்குங்கள்.

நிபுணர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பவேண்டாம். அவருடைய பிரிவு என்ன செய்கிறது என்று வாசித்து, உங்களுக்கு அங்கே என்ன கற்கவேண்டும் என்று எழுதுங்கள். பத்து வரி போதும். உங்களுக்கு முன் அங்கே போன இலங்கை மருத்துவர் யாராவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். அப்படி ஒருவருடைய பேரால்தான் எனக்கு முதல் பதில் வந்தது.

பிரித்தானியாவுக்குப் போகிறவர்களுக்குப் பொதுவான வழி எம்.டி.ஐ. எனப்படும் மருத்துவப் பயிற்சித் திட்டம். அதிகபட்சம் 24 மாதம். கடந்த ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது, கடைசிப் பன்னிரண்டு மாதம் உட்பட, நோயாளிகளைப் பார்த்து வேலை செய்திருக்கவேண்டும். தேர்வுக்குப் படிக்க என்று நீண்ட லீவு எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஒழுங்கு இப்படி: வைத்தியசாலை வேலை தரும், அந்நாட்டு நிபுணர்களின் அமைப்பான ரோயல் கல்லூரி பொறுப்பேற்கும், பிரித்தானிய மருத்துவ சபையான ஜி.எம்.சி. பதிவு தரும், பிறகு விசாவுக்கான ஸ்பொன்சர் சான்றிதழ், கடைசியில் விசா. இதில் ஒன்றைத் தாண்டி மற்றதைச் செய்யமுடியாது. ஆறு மாதத்துக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள்.

6. பட்டச் சரிபார்ப்பும் ஆங்கிலத் தேர்வும்

ஜி.எம்.சி. உங்கள் எம்.பி.பி.எஸ். பட்டத்தை எபிக் என்ற சேவை மூலம் பட்டம் தந்த பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்க்கச் சொல்லும். கணக்குத் திறக்க ஒரு கட்டணம், ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனிக் கட்டணம், எல்லாம் டொலரில். இதற்குக் காலாவதி இல்லை. ரெஜிஸ்ட்ரார் காலத்திலேயே செய்துவிடலாம். பல்கலைக்கழகம் பதில் அனுப்ப எடுக்கும் நாட்கள் உங்கள் கையில் இல்லை, அதனால்தான் முந்திச் செய்யச் சொல்கிறேன். பெயர் வேறுபாடு முதலில் வெளிப்படுவதும் இங்கேதான்.

ஆங்கிலத் தேர்வு வேறு மாதிரி. ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக் என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7.0, ஒரே அமர்வில். மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.டி. என்றால் நான்கு பகுதியிலும் ‘பி’, அதாவது 350. எதை எழுதினாலும் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். சீனியர் ரெஜிஸ்ட்ரார் ஆவதற்கு முன் எழுதினால் வீணாகிவிடும். நான் ஓ.ஈ.டி.யைத் தேர்ந்தேன், நோயாளியை அனுப்பும் கடிதம் எழுதுவது நமக்குப் பழகிய வேலை. நம்மில் பலர் எழுத்தில்தான் அரைப் புள்ளி குறைகிறோம். இரண்டு தடவை எழுதும் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

7. காலாவதியாகும் காகிதங்கள்: இந்த ஒழுங்கில்

வேலை உறுதிக் கடிதமும் போர்டின் ஒப்புதலும் கையில் வந்தபின் மட்டும் இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

மருத்துவ சபையின் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் ஜி.எம்.சி.க்கு மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். ஜி.எம்.சி. விண்ணப்பத்தில் மற்ற எல்லாம் சரியாக இருக்கும்போதுதான் இதைக் கேளுங்கள். இதற்கு முன்னர் உங்கள் சபைப் பதிவு நடப்பில் இருக்கிறதா, கட்ட வேண்டியது ஏதும் பாக்கியா என்று பாருங்கள்.

அடுத்தது காசநோய்ப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிரித்தானிய விசாவுக்கு இலங்கையர் இதைச் செய்யவேண்டும். கொழும்பில் சர்வதேச புலம்பெயர் அமைப்பின் நிலையத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இருந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மாதம்வரை போகும். காசநோய் வாட்டில் வேலை செய்த நாம் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது வங்கிப் பணம். ஸ்பொன்சர் பொறுப்பேற்பதாகச் சான்றிதழில் குறிக்காவிட்டால், 1,270 பவுண் உங்கள் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் திரும்ப ஒன்றில் இருந்து எண்ணவேண்டும். சம்பளக் கணக்கில் வைக்காதீர்கள், கடன் தவணை தானாகக் கழியும். தனிக் கணக்கு திறந்து அட்டையைப் பூட்டி வையுங்கள்.

ஸ்பொன்சர் சான்றிதழ் வந்தால் மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். கைரேகை கொடுக்கவும் எக்ஸ்ரேக்கும் ஒரே பயணத்தில் திகதி எடுக்க முயலுங்கள்.

8. பணம்

எல்லோரும் விசாக் கட்டணத்தைத்தான் கேட்கிறார்கள். அதைவிடப் பெரியது விசாவோடு பிரித்தானியாவுக்குக் கட்டும் சுகாதாரக் கட்டணம். 2024 பெப்ரவரியில் இருந்து ஒரு பெரியவருக்கு வருடம் 1,035 பவுண், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 776. விசாக் காலம் முழுவதற்கும் விண்ணப்பிக்கும்போதே ஒரே தடவையில் கட்டவேண்டும். 24 மாதத்துக்கு நீங்கள், மனைவி அல்லது கணவர், ஒரு பிள்ளை என்றால் 5,692 பவுண். அங்கே ஆறு மாதம் வேலை செய்தபின் சுகாதாரப் பணியாளராக அதைத் திரும்பக் கோரலாம், ஆனால் முதலில் கையில் இருக்கவேண்டும். நான் தனியாகப் போய், நாலாவது மாதம் குடும்பத்தைக் கூப்பிட்டேன். பிரிவு கஷ்டம்தான். ஆனால் நகையை அடகு வைக்காமல் தப்பினோம்.

வங்கி அட்டையில் வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவுக்கு எல்லை இருக்கும். கட்டவேண்டிய நாளில் அது தெரியவந்தால் நேரம் போய்விடும். ஒரு கிழமை முன்னரே வங்கியில் பேசுங்கள். முதற் சம்பளம் வரும்வரை இரண்டு மாத வாடகைக்கும் ஏற்பாடு வேண்டும்.

9. பிணைமுறி

சம்பளத்துடன் பயிற்சிக்குப் போகும் முன் அரசுடன் ஒப்பந்தம் எழுதவேண்டும், பிணையாளிகளும் வேண்டும். திரும்பி வந்து எத்தனை வருடம் வேலை, வராவிட்டால் எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிணையாளிகளின் தொழில், சம்பள விபரங்களைக் கேட்பார்கள். இதைக் கடைசிக் கிழமைக்கு விடவேண்டாம். உங்களுக்காகக் கையொப்பம் போடுபவர் ஒரு மாமாவாகவோ கூடப் படித்த நண்பராகவோதான் இருப்பார். ஒப்பந்தத்தின் பிரதியை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கையொப்பம் கேளுங்கள்.

10. அங்கிருந்து புறப்படும் முன்

பயிற்சி முடிந்து வந்தவுடன் நிபுணர் ஆவதில்லை. நிபுணர் என்று ஏற்கும் போர்ட் சான்றிதழுக்கு முன் ஒரு மதிப்பீடு உண்டு, அதில் உங்கள் போர்ட்போலியோவை, அதாவது பயிற்சிப் பதிவேட்டை, வைத்துத்தான் கேட்பார்கள். வெளிநாட்டு மேற்பார்வையாளரின் அறிக்கை பி.ஜி.ஐ.எம். படிவத்திலேயே இருக்கவேண்டும். அந்த வைத்தியசாலையின் சொந்தப் படிவம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குப் பதிலாகாது. படிவத்தை முதல் மாதமே மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள், அப்போதுதான் என்ன எழுதப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி நாளில் கையொப்பம் கேட்கலாம் என்று இருந்தேன். அந்தக் கிழமை என் மேற்பார்வையாளர் லீவில். வாட்டுத் தாதியிடம் விசாரித்து, அவர் ஒரு மணித்தியாலம் வந்து போகும் நாளைப் பிடித்து, வாகனத் தரிப்பிடத்தில் அவருடைய காரின் மூடியில் வைத்துக் கையொப்பம் வாங்கினேன். நீங்கள் ஒரு மாதம் முன்னரே வாங்குங்கள். வாங்கியதை ஸ்கான் செய்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, மூலப்பிரதியை விமானத்தில் கைப்பையில் கொண்டு வாருங்கள், பெட்டியில் போடவேண்டாம்.